உரசும் பின்சக்கரம்

சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டால் சர்ர்ர் என்று போய் ஓரிடத்தில் சரக் என்கிறது. மறுபடி சர்ர்ர், மறுபடி சரக். ஆவுடையப்பன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டுக்கு அடியில் சாக்கை மடித்துக் கொடுத்து, அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து அரைமணி நேரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காம்பவுண்டில் ஆறு வீடு. ஐந்து வீட்டில் கறி வேகிற வாசனை, அவர் வீட்டில் ரசம் தாளிக்கிற வாசனை. அஞ்சு மாசமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் ரசம்தான். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, யாரும் வாங்கி வரவுமில்லை, அப்படியே ஆகிப்போயிற்று. உள்ளே முப்பிடாதி கரண்டியை வைக்கிற சத்தம் கேட்கிறது. கோபத்தில் வைக்கிறாளா, கை தவறி வைக்கிறாளா என்று இருபத்திரண்டு வருசம் கூட இருந்தும் அவருக்குப் பிடிபடவில்லை. நேற்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து இதை உருட்டிக்கொண்டு வந்தபோது வாசல்வரை வந்தாள், பின் மட்கார்டைப் பார்த்தாள், உள்ளே போனாள், அவ்வளவுதான். எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சொல்லியிருப்பாரா? சர்ர்ர். சரக். மட்கார்டு இடது பக்கம் நெளிந்து டயரைத் தொடுகிறது, அதுதான் சங்கதி. ஸ்டாண்டில் சைக்கிளை மனுசன் மாதிரியா வைக்கிறார்கள்? சந்தைக்குப் போகிற ஆடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்றைத் திணித்து, ஒன்றின் பெடல் இன்னொன்றின் வயிற்றில் குத்தி நிற்கும். அஞ்சு மாசம் அப்படி நின்றால் மனுசனே நெளிந்துபோவான், இது தகரம்.

கட்டிங் பிளேயரை எடுத்து மட்கார்டின் ஓரத்தைப் பிடித்தார். பிடித்த கை நின்றது. அங்கேதான் பெயர் தொடங்குகிறது. வெள்ளைப் பெயிண்டில் மூன்று எழுத்து, கவிழ்ந்து கிடக்கிற சைக்கிளில் அதுவும் தலைகீழாக. மூத்த மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள். கொடுத்த மறுநாளே போர்டு எழுதுகிற கடைக்குக் கூட்டிப்போனார். செயின் கவரில் எழுதுவோம், முன்னால் எழுதுவோம் என்று அவள் சொல்லச் சொல்ல, பின் மட்கார்டில் எழுதச் சொன்னது அவர்தான். பின்னால் வருகிறவனுக்கு யார் சைக்கிள் என்று தெரிய வேண்டாமா? இன்றைக்கு அந்த வீட்டில் அந்தப் பெயர் இருக்கிற இடம் அது ஒன்றுதான். ரேசன் கார்டில் இருக்கிறது, சரி, அதை யார் எடுத்துப் பார்க்கிறார்கள்? வாயில் யாரும் சொல்வதில்லை. அவர் மனசுக்குள்கூட மூத்தவள் என்றுதான் ஓடுகிறது. மூத்தவள் இப்படி, மூத்தவள் அப்படி. பிளேயரால் இறுக்கி நெம்பினால் பெயிண்டு உரிந்து வரும். முதல் எழுத்தின் கால் ஏற்கெனவே கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது. தோளில் கிடந்த துண்டை எடுத்து மட்கார்டின் மேல் நாலாக மடித்துப் போட்டு, அதற்கு மேல் பிளேயரை வைத்தார். துணிக்கு மேல் பிடி நழுவியது. என்ன வேலை இது, துணியைப் போட்டால் பிடிக்கவில்லை, எடுத்தால் பெயர் போகிறது.

கவர் வந்தது போன புதன்கிழமை. வீட்டு விலாசத்துக்கு அல்ல, தீப்பெட்டி ஆபீசுக்கு. அவர் லேபில் ஒட்டுகிற பகுதியில் பதினெட்டு வருசமாக இருக்கிறார், மைதாப் பசை காய்ந்து விரல் நகமெல்லாம் எப்போதும் வெள்ளையாக இருக்கும். கணக்குப்பிள்ளை கவரை நீட்டி, "ஒமக்கெல்லாம் லெட்டர் போட ஆள் இருக்கா வே" என்று சிரித்தார். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆ போடும்போது அந்தச் சுழியைப் பெரிதாக இழுப்பாள், அடிவாங்கியும் மாற்றிக்கொள்ளவில்லை. கக்கூஸ் பக்கம் போய்ப் பிரித்தார். உள்ளே கோடு போட்ட நோட்டுத்தாள் ஒன்று, நாலாக மடித்தது. மடிப்புக்குள் வட்டமாக ஒரு தகர வில்லை. நாற்பத்தேழு. சைக்கிள் ஸ்டாண்டில் கொடுப்பார்களே, அது. தாளில் ஒரு எழுத்து இல்லை. திருப்பிப் பார்த்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார், சொன்னால் சிரிப்பீர்கள். கவரின் பின்னால் மட்டும் பெயர் இல்லாமல் ஒரு திருப்பூர் விலாசம், கதவு எண்ணோடு. அன்றையிலிருந்து இந்த நாலு நாளும் அவர் தலைக்குள் ஓடுகிறதெல்லாம் ஒரே கேள்விதான். இது என்ன சேதி? தங்கச்சிக்கு சைக்கிள் இருக்கட்டும் என்று அனுப்பினாளா, இல்லை, உங்க சாமானை நீங்களே வச்சுக்கிடுங்க, எனக்கும் ஒங்களுக்கும் இனி ஒண்ணுமில்ல என்று அனுப்பினாளா? அப்படி அறுத்துவிடுகிறவள் விலாசம் எதற்கு எழுத வேண்டும்? தபால்காரனுக்காக எழுதியிருப்பாள். தபால்காரன் கேட்டானா? மைதாவைத் தொட்டு லேபிலில் இழுக்கும்போது ஒரு லேபிலுக்கு இது, ஒரு லேபிலுக்கு அது என்று மாறி மாறி ஒட்டினார். கடைசி லேபில் எதில் முடிந்தது என்று மறந்துபோனது.

"அண்ணாச்சி, சைக்கிள் வந்துட்டு போலுக்கே" என்று குரல் கேட்டது. மூன்றாம் வீட்டு அன்னபாக்கியம், கையில் வெங்காயத் தட்டு. "ஆமா." "சைக்கிள் வந்துட்டு, சரி." அவள் ஒரு வெங்காயத்தை உரித்து முடித்தாள். "கூட வேற யாரும் வரலியாக்கும்?" அவர் பிளேயரைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார். ஸ்பேனருக்கு அங்கே வேலையே இல்லை. "நான் ஒண்ணும் தப்பாக் கேக்கல அண்ணாச்சி. பழைய இரும்புக்குப் போட்டா எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லுங்க, அவருக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கு." உள்ளே கரண்டி சத்தம் நின்றது. முப்பிடாதி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். அவர் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார். சர்ர்ர் சரக் சர்ர்ர் சரக் என்று அது அன்னபாக்கியத்துக்குப் பதில் சொன்னது. அவள் போய்விட்டாள்.

இந்தச் சத்தத்தில் கொஞ்சம்தான் அவர் வலது காதுக்குள் போகிறது. அந்தக் காது அன்றைக்கு அடைத்தது, இன்னும் திறக்கவில்லை. தலைமுழுகின அன்றைக்கு. மூத்தவள் சாதி விட்டு ஒருத்தனோடு போன மூன்றாம் நாள் மச்சான் காளிராஜ் வந்து நடு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "செத்துட்டாள்னு தலைய முழுகிருங்க அத்தான். இல்லன்னா சொல்லுங்க, நாங்க ஒங்கள முழுகிருதோம். சின்னவள நாளைக்கு எவன் வந்து கேப்பான்?" என்றான். அவன் சொன்னதில் பாதி மிரட்டல், பாதி நிஜம். காளிராஜ் வீட்டுப் பின்னால் இருக்கிற கிணற்றடியில் சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் நிற்க, மூன்று குடம் தண்ணீர். முதல் குடத்துக்கு மூச்சை அடக்கினார். இரண்டாவதில் வலது காதுக்குள் தண்ணீர் போனது. மூன்றாவது குடம் ஊற்றும்போது யாரோ, "சத்தமாச் சொல்லும் வே, எனக்கு ஒரே மகள்தான்னு" என்றார்கள். அவர் சொன்னார். வெளியிலே என்ன வந்ததோ, காதடைத்துக் கிடந்ததால் தன் குரலே யாரோ பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி இருந்தது. அதற்கப்புறம் காதில் எண்ணெய் விட்டுப் பார்த்தாயிற்று, ஒற்றைக்காலில் குதித்துப் பார்த்தாயிற்று, டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உள்ளே ஒன்றும் இல்லையே என்றார். ஒன்றும் இல்லாமலா அடைக்கும்?

"எப்பா, எனக்கா?" சின்னவள் சுதா ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு வந்து நின்றாள். பத்தாம் வகுப்பு. அக்காவைப் போலவே ஒரு காலில் சாய்ந்து நிற்கிறாள், நிற்காதே என்று யாரால் சொல்ல முடியும்? "ஒனக்கு அடுத்த வருசம் பள்ளிக்கூடத்துல குடுப்பாக." "அது அடுத்த வருசம்லா. அதுவரைக்கும்?" "நடந்துதான போற." "அப்ப யாருக்கு இவ்வளவு மெனக்கெட்டுச் சரி பண்ணுதீய?" நெளிந்திருந்தது, நிமிர்த்துகிறேன், அதற்குமேல் யோசிக்கவில்லை. "உரசுது" என்றார். "அதுதான் அப்பவே உரசிச்சே" என்று சொல்லிவிட்டுச் சுதா ரிப்பனைக் கட்டியபடி அடிகுழாய்ப் பக்கம் போனாள்.

அப்பவே உரசிச்சே. அவர் பிளேயரைக் கீழே போட்டார். குனிந்து டயரைப் பார்த்தார். இடது ஓரத்தில் சுற்றிலும் ஒரே மாதிரி தேய்ந்து, கறுப்பு போய்ச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. விரலால் தடவினால் வழவழவென்று. நின்ற சைக்கிள் உரசாது. அஞ்சு மாசம் இல்லை, அஞ்சு வருசம் நின்றாலும் டயர் இப்படித் தேயாது. ஓட்டத்தில் தேய்ந்தது இது. சைக்கிள் ஸ்டாண்டுக்காரன் மேல் நேற்றிலிருந்து அவர் போட்டுவைத்த பழியெல்லாம் அந்தக் கோட்டில் வழுக்கி விழுந்தது. போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் டியூப் மாற்றினாரே, சக்கரத்தைக் கழற்றி, புது டியூப் போட்டு, மறுபடி மாட்டி. இருட்டு கட்டிக்கொண்டு வந்தது, செயினை இழுத்து நட்டை முடுக்கினார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "எப்பா, பின்வீலு உரசுது" என்றாள் மூத்தவள். "மட்கார்டு நெளிஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழமை பாக்கேன்." "ஞாயித்துக்கிழமையா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். இப்போது நினைத்தால் அந்தக் கேள்விக்கு ஒரு வால் இருந்தது. ஞாயித்துக்கிழமை நான் இருக்க மாட்டேனே என்கிற வால். அன்றைக்கு அது அவர் காதில் விழவில்லையா என்றால், விழுந்தது. காது அப்போது நன்றாகத்தானே இருந்தது?

இங்கே வந்துதான் எப்போதும் சிக்குகிறது. எத்தனை தடவை ஓட்டினாலும் இந்த இடத்தில் சரக். அவர் எல்லோரிடமும் சொன்னது, நான் அசந்து தூங்கிட்டேன், எனக்கு ஒன்றும் தெரியாது. காளிராஜிடம், ஆபீசில், முப்பிடாதியிடமும்தான். ஆனால் டிரங்குப் பெட்டியில் அவளுடைய சர்டிபிகேட் இல்லை என்பதை அவள் போவதற்கு மூன்று நாள் முன்னாலேயே அவர் பார்த்திருந்தார். வேறு எதையோ தேடித் திறந்தவர், பார்த்துவிட்டு, தேடினதை மறந்து மூடிவிட்டார். கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, சொல்லிவிட்டால் அப்பன் என்கிறவன் ஏதாவது செய்ய வேண்டும். அன்றைக்கு விடியக்காலை, முதல் டவுன் பஸ்ஸுக்கு முன்னால், கதவின் கொண்டியை யாரோ துணி சுற்றி எடுப்பது மாதிரி எடுத்தார்கள். விழித்துக்கொண்டார். கண்ணைத் திறக்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு மடங்குகிற சத்தம். பிறகு சர்ர்ர். சரக். அவர் மாட்டின சக்கரம், அவள் ஏறின சைக்கிள், தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறது. அப்போதுதான் இருமல் வந்தது. தீப்பெட்டி ஆபீசில் பதினெட்டு வருசம் மருந்துத் தூசியைத் தின்ற நெஞ்சு, அது நேரம் காலம் பார்க்குமா? ஒரே ஒரு இருமல் வெளியே போய்விட்டது. அடிகுழாய் முக்கில் சத்தம் நின்றது. அந்த இருமலை அவளுக்குத் தெரியும், சின்ன வயசில் அதைப் பழித்துக் காட்டி அடி வாங்கியவள். அவர் முழித்திருக்கிறார் என்று தெரிந்து நிற்கிறாள். தலைமாட்டில் கிடந்த துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்து, பல்லால் கடித்துக்கொண்டு, நெஞ்சு குலுங்கக் குலுங்கக் கிடந்தார். கூப்பிட்டால் திரும்பியிருப்பாள். அது நிச்சயம். போகட்டும் என்று கூப்பிடாமல் இருந்தாரா, எழுந்து எதிரில் நிற்கத் தைரியமில்லாமல் இருந்தாரா? பாசம் என்று நினைத்தால் மூன்றாம் நாள் கிணற்றடியில் நின்று எனக்கு ஒரே மகள்தான் என்றது யார்? பயம் என்று நினைத்தால், துண்டைக் கடித்த அந்தக் கடியில் பயத்தைவிட வேறு ஏதோ இருந்ததே, அது என்ன? எவ்வளவு நேரம் நின்றாளோ. பிறகு சர்ர்ர் சரக், சர்ர்ர் சரக், வேகமாக. பஸ் ஸ்டாண்டு நாலு கிலோமீட்டர். உரசுகிற சக்கரத்தை மிதிப்பது பாரம் ஏற்றின வண்டியை மிதிக்கிற மாதிரி. ஒரு கையில் சர்டிபிகேட் பையைப் பிடித்திருப்பாள்.

அவர் துண்டை எடுத்துவிட்டு, மட்கார்டை விட்டுவிட்டு, அச்சுப் பக்கம் குனிந்தார். டயருக்கும் போர்க்குக் கம்பிக்கும் நடுவே இடது பக்கம் ஒரு விரல்தான் நுழைந்தது. வலது பக்கம் இரண்டு விரல் நுழைந்து இன்னும் இடம் இருந்தது. சக்கரமே கோணலாக உட்கார்ந்திருக்கிறது. வலது நட்டை அதிகம் இழுத்து முடுக்கியது அவர் கை. மட்கார்டில் நெளிவே இல்லை. அதைப் போய் அரைமணி நேரமாகத் துணி சுற்றி நெம்பிக்கொண்டிருக்கிறார். இரண்டு நட்டையும் தளர்த்தினார். துரு ஏறிக் கீச்சென்றது. சக்கரத்தை நடுவில் நிறுத்தி, இடது பக்கம் ஒன்றரை விரல், வலது பக்கம் ஒன்றரை விரல் என்று வைத்து, கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று மாறி மாறி முடுக்கினார். தட்டிவிட்டார். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. அவர் பயந்துபோய்க் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். வலது காதுதான் அடைத்திருக்கிறது, இடது காதுக்கு என்ன? காதில் கோளாறில்லை. உரசல் போய்விட்டது, பத்து நிமிச வேலை. அன்றைக்கு விளக்கைப் பிடி என்று சொல்லிப் பத்து நிமிசம் உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும். முடிந்திருந்தால் மறுநாள் அவள் சத்தமில்லாமல் போயிருப்பாள், அவர் விழித்திருக்க மாட்டார், தூங்கிட்டேன் என்று சொன்னது நிஜமாகியிருக்கும். இல்லை, பத்து நிமிசம் விளக்குப் பிடிக்கும்போது அவளே எதையாவது சொல்லியிருப்பாள்.

சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினார். பெயர் நேரானது. அப்போதுதான் முப்பிடாதி வெளியே வந்தாள். மட்கார்டைப் பார்த்தாள். கிரீஸ் விரல் பட்டு இரண்டாம் எழுத்து கறுத்திருந்தது. முந்தானை நுனியை எச்சில் தொட்டு, குழந்தை வாயைத் துடைப்பது மாதிரி அந்த எழுத்தைத் துடைத்தாள். வாயால் படித்தாளா என்று அவர் பார்த்தார். உதடு அசையவில்லை. அவர் சட்டையை எடுத்து மாட்டினார். பையில் அவள் அனுப்பின கவர் இருந்தது. நேற்று ராத்திரியே ஒட்டின இடத்தை மெதுவாகப் பிரித்து, உட்புறம் வெளியே வரத் திருப்பி, மைதாவால் ஒட்டிவைத்திருந்தார். வாய் மட்டும் திறந்திருந்தது. அந்தத் திருப்பூர் விலாசமும் எழுதியாயிற்று. ஏன் எழுதினோம் என்று அப்போது தெரியாது. "எங்க?" என்றாள் முப்பிடாதி. "ஸ்டாண்டுல கொண்டு வைக்கப் போறேன்." "நேத்துதான எடுத்தீய." அவர் ஸ்டாண்டைத் தட்டி மடக்கினார். அவள் சீட்டைத் தடவிப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையும் சணலும் கொண்டுவந்து கொடுத்தாள். "அங்க கூரை ஒழுகும். சீட்டுல கட்டிட்டு வாங்க. வாறவ ஈரத்துல உக்காந்தா சளி பிடிக்கும்." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். காளிராஜ் வந்து கேட்டால்? சுதாவை நாளைக்கு எவன் வந்து கேட்பான்? நினைத்துக்கொண்டேதான் ஏறி மிதித்தார். அடிகுழாய் முக்கில் கால் ஊன்றி ஒரு நிமிசம் நின்றார். அங்கிருந்து பார்த்தால் அவர்கள் வீட்டு ஜன்னல் நன்றாகத் தெரிகிறது. இவ்வளவு பக்கமா?

சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "நாப்பத்தேழு நேத்துதான போச்சு" என்றார். "போச்சு. மறுபடி வந்திருக்கு." "பேரு?" "மட்கார்டுல எழுதியிருக்கு." "கண்ணாடியை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன் அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க." சொன்னார். "பஸ்காரன் ஆரன் அடிக்கான், ஒண்ணும் கேக்கல, சத்தமாச் சொல்லுங்க." நெஞ்சில் இருமல் கிளம்பியது. இந்தத் தடவை அதை அடக்கவில்லை, இருமட்டும் என்று விட்டார். குனிந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை இருமி முடித்து நிமிர்ந்து, பஸ் ஸ்டாண்டில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கச் சொன்னார்:

"பூமாரி. ஆவுடையப்பன் மக பூமாரி."

"பூ... மாரி" என்று அவரும் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதி, அதே நாற்பத்தேழு வில்லையை எடுத்து நீட்டினார். "எப்ப எடுப்பீய?" "நான் எடுக்க மாட்டேன். அவ வந்து எடுப்பா." "எப்ப வருவாக?" ஆவுடையப்பன் சீட்டில் பிளாஸ்டிக் பையைப் போட்டுச் சணலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. நோட்டில் கிடந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். அவள் அனுப்பின அதே கோடு போட்ட தாளை நாலு மடிப்பும் விரித்து முழங்காலில் வைத்துக்கொண்டார். அன்புள்ள என்று தொடங்கலாமா என்று யோசித்தார். அதற்கு இன்னும் நாளாகும். வீல்தான் கோணல், மட்கார்டு இல்லை, சரி பண்ணிட்டேன் என்று முதல் கோட்டில் எழுதினார். வில்லையை நடுவில் வைத்து மடிக்கப்போனவர் மறுபடி விரித்து, அடுத்த கோட்டில், ஒவ்வொரு எழுத்தாக, அஞ்சு மாசமாக யாரிடமும் சொல்லாததை எழுதினார்: அன்னைக்கு நான் முழிச்சுத்தான் இருந்தேன்.